உரித்தது உரித்தவருக்கு

சிதம்பரம் ராஜமாணிக்கம், திருவதிகையில் சோளம் போடும் அமிர்தத்துக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். ஆனித் திருமஞ்சனத் திருவிழாவுக்கு வாங்கிய முந்நூறு ஸ்வீட் கார்ன் கதிருக்கான விலை அது. கதிர் பதினாலு ரூபாய். ஆடி போய், ஐப்பசி மழையும் வந்து போய், மார்கழிக் குளிர் பிறந்தும் அந்தப் பணம் அமிர்தத்தின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

கடன் என்று யாராவது சொன்னால் ராஜமாணிக்கத்துக்குக் கோபம் வரும். "அது கடன் இல்ல, தகராறு" என்பார். எவனுக்கும் ஒரு பைசா பாக்கி இல்லாத மனுஷன் என்பதுதான் ஊரில் அவர் பெயர். அந்தப் பெயரை அவர் சும்மா சம்பாதிக்கவில்லை. குமராட்சியில், கொள்ளிடம் பெருகி வீட்டுச் சுவரைக் கொண்டுபோன வருஷம், கட்டின வேட்டியோடு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டாயிற்று. கூடையில் அவித்த வேர்க்கடலை விற்றார். கூடை தள்ளுவண்டி ஆனது. கடலை சுட்ட சோளம் ஆனது. ஸ்வீட் கார்ன் என்று மஞ்சள் மஞ்சளாக ஒரு கதிர் ஊருக்குள் வந்தபோது, மற்ற வண்டிக்காரர்கள் இது நம்ம ஊரில் போகாது என்று ஒதுங்கினார்கள். ராஜமாணிக்கம் ஒதுங்கவில்லை. எலுமிச்சம்பழத்தை உப்பிலும் மிளகாய்ப்பொடியிலும் தொட்டு, சூட்டோடு சூடாகத் தேய்த்துக் கொடுத்தார். கீழ வீதிக்கு அப்படிச் சோளம் தின்னக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவார். அந்த வண்டியை வைத்துத்தான் மாடியோடு மெத்தை வீடு கட்டினார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். பேங்க் வாசல்படியை மிதித்ததில்லை.

அவருக்கு மூன்று விஷயத்தில் கர்வம். ஒன்று கட்டைவிரல். தோல் உரிக்காத கதிரின் நுனியை அமுக்கிப் பார்த்தே உள்ளே மணி பிடித்திருக்கிறதா, பொக்கையா என்று சொல்லிவிடுவார். இன்னொன்று எண்ணுகிற விதம். களத்தில் நெல் அளந்த அவர் அப்பா முதல் மரக்காலை "ஒண்ணு" என்று சொன்னதே இல்லை, "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார். ராஜமாணிக்கமும் கதிரானாலும் காசானாலும் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். மூன்றாவது, வண்டி முகப்பில் தகரத்தில் எழுதி மாட்டியிருந்த வாசகம்: உரித்தது உரித்தவருக்கு. தோலை உரித்துப் போட்ட கதிர் வெயிலில் சீக்கிரம் வாடிவிடும். ஒருத்தர் உரித்து வேண்டாமென்று வைத்ததை அடுத்தவர் தொடவும் மாட்டார். அதனால் உரித்துப் பார்த்தால் காசு கொடுத்துவிட வேண்டும். அந்தச் சட்டத்தை ஊருக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஆனியில் அந்தக் கட்டைவிரல் ஏமாற்றிவிட்டது. வண்டியில் போட்டு உரிக்க உரிக்க, பாதிக் கதிர் பொக்கை. பொக்கையை எல்லாம் தெரு மாட்டுக்குப் போட்டுவிட்டு அமிர்தத்துக்குப் போன் போட்டார்.

"என்னாம்மா, சோளம் அனுப்பினியா, வெறும் மட்ட அனுப்பினியா? பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்குது."

"பூவெடுக்கிற நேரத்துல அனல்காத்து அடிச்சிடுச்சி மாமா, மணி புடிக்கல. உரிச்சுப் பாத்துப் பொறுக்கிக்குங்க, அப்பிடின்னா கதிரு இருவது ரூவான்னு சொன்னனே. நீங்கதான் வெரல அமுக்கிப் பாத்துட்டு, பதினாலே போதும், உரிக்காம ஏத்துன்னிங்க."

"உள்ள சொத்தையா இருந்தா அதுக்கு நான் என்னாம்மா பண்ணுவேன்?"

"உரிச்சது உரிச்சவுங்களுக்குன்னு நீங்கதான மாமா வண்டியில எழுதி மாட்டியிருக்கிங்க?"

ராஜமாணிக்கம் போனை வைத்துவிட்டார். வியாபாரியிடம் வியாபாரியின் வாசகத்தையே திருப்பிச் சொல்லுகிற பொம்பளையிடம் என்ன பேச்சு? அன்றிலிருந்து திருவதிகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மார்க்கெட் கமிஷன் கடையில் வாங்க ஆரம்பித்தார். அங்கே ஆவணியில் பதினெட்டு, ஐப்பசியில் இருபத்திரண்டு, மார்கழி பிறந்ததும் இருபத்தாறு. எங்கிருந்தோ லாரியில் இரண்டு நாள் வந்த கதிர். ஸ்வீட் கார்னின் இனிப்பு ஒடித்த நேரத்திலிருந்தே இறங்கிக்கொண்டு வரும்; இரண்டு நாள் ஆனால் மாவைத் தின்பது போலத்தான் இருக்கும். ஒரு மூட்டை தேன், அடுத்த மூட்டை தவிடு. முப்பதுக்கு விற்றதை நாற்பதாக்கினார், நாற்பதை ஐம்பதாக்கினார். விலையைச் சொல்லும்போது அவர் குரல் அவருக்கே கூசியது. "அம்பது ரூவாயா? சோளமா விக்கிறிங்க, தங்கமா?" என்று கேட்டுவிட்டு எதிர் வண்டிக்குப் போனார்கள்.

எதிர் வண்டி அறிவழகனுடையது. உதிர்த்த மணியைப் பாக்கெட்டில் வாங்கி, ஆவியில் வேகவைத்து, வெண்ணெய் போட்டுக் கப்பில் கொடுப்பான். அதில் பொக்கை கிடையாது, புழு கிடையாது.

"ஏன் மாமா இந்த வயசுல அடுப்பு ஊதிக்கிட்டு? பாக்கெட்ட கிழிச்சமா, கப்புல கொட்டனமான்னு இருக்க வேணாமா?"

"அது சோளமா மாப்ள? மஞ்ச மாத்திர. டாக்டர் எழுதிக் குடுத்தா திங்கிறேன்."

வாய் குறையவில்லை. முழங்கால்தான் குறைந்துவிட்டது. சாயங்காலமானால் வண்டியைத் தள்ளி வீடு சேர்ப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். மனைவி ராசம்மாள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே தினம் ஒரே பாட்டுத்தான் பாடினாள்.

"வண்டிய வித்துட்டு வூட்ல குந்துங்களேன்."

"குந்தினா ஊரு என்னா சொல்லும்? ராஜமாணிக்கம் நொடிச்சிட்டான்னு சொல்லும்."

"திருவதிகப் பொண்ணுக்குக் காச விட்டெறிஞ்சிருந்தா இந்நேரம் நல்ல கதிராவது வந்திருக்கும்."

"அது தகராறுடி."

மார்கழித் தேர் வந்தது. நாலு வீதியும் தலை தலையாக இருந்தது. இந்த ஒரு திருவிழாவில் தூக்கி நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டிக்கு இதுவே கடைசி என்று ராஜமாணிக்கத்துக்கு உள்ளுக்குள் தெரியும். கமிஷன் கடையில் இருந்த கதிரையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றார்.

கடலூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று நின்றது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். அந்த அம்மா ஒரு கதிரை எடுத்து உரித்தாள். பொக்கை. வைத்துவிட்டு இன்னொன்றை உரித்தாள். நுனியில் புழு நெளிந்தது. மூன்றாவது முற்றல். நான்காவதும் பொக்கை. நாலையும் வரிசையாக வண்டியில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"வேணாங்க."

"வேணாமா? போர்ட படிங்கம்மா! உரிச்சது உரிச்சவுங்களுக்கு. நாலு கதிர், எரநூறு ரூவா."

அந்த அம்மா போர்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"உள்ள சொத்தையா இருந்தா அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிரே அறிவழகன் கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஆனியில் ராஜமாணிக்கம் அமிர்தத்திடம் போனில் சொன்ன பேச்சு அது. ஒரு சொல் மாறவில்லை. அந்த அம்மா சொல்வது நியாயம் என்றால் போர்டைக் கழற்றி அடுப்பில் போட வேண்டும். போர்டு நியாயம் என்றால் ஆனியில் உரித்த முந்நூறும் அவருடையது.

"தேர் அன்னிக்கு எதுக்கு சண்ட? வா" என்று புருஷன்காரர் ஒரு இருநூறு ரூபாய் நோட்டை வண்டித் தட்டில் போட்டுவிட்டுக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போனார். நோட்டு தட்டில் கிடந்தது. ராஜமாணிக்கம் அவர்களைக் கூப்பிட்டு அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு எடுத்து மடித்து, மற்ற காசோடு சேர்க்காமல் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆருத்ரா தரிசனம். வருஷத்தின் பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். காலையில் ராஜமாணிக்கம் வெள்ளைச் சட்டை போட்டு, அந்த இருநூறு ரூபாய் நோட்டை அதன் பைக்கு மாற்றி, காலிச் சாக்கு இரண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வண்டிய மூடியே வை" என்றார்.

"தரிசனத்தன்னிக்கா? கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு?"

"நல்ல கதிரோட மத்தியானம் வந்துடுவேன்."

ராசம்மாள் தன் சீட்டுப் பணத்தில் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தாள்.

கடலூரில் பஸ் மாறி, பண்ருட்டி வண்டியில் நின்றபடியே போய்த் திருவதிகையில் இறங்கினார். கெடிலத்துக்கு அந்தப் பக்கம் அமிர்தத்தின் நிலம். தூரத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது. சோளத் தட்டை நின்றது, கதிர் இல்லை. அமிர்தம் மாட்டுக்குத் தட்டை அறுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"வாங்க மாமா. கதிருக்கா வந்திங்க? நேத்துதான் ஒடிச்சி பாண்டிச்சேரிக்கு அனுப்பிச்சிட்டேன்."

"ஒண்ணுகூட இல்லியா?"

"மாட்டுக்குப் போடறதுதான் கெடக்குது. உரிச்சு வேணா பாருங்க."

ராஜமாணிக்கம் வரப்பில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. சாக்கைப் பக்கத்தில் வைத்தார். அமிர்தம் குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தாள். பாக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கதிர் இல்லை, பேசாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

"பாண்டிச்சேரிக்காரன் என்னா வெல குடுத்தான்?"

"பதினேழு."

"நான் கமிஷன் கடையில இருவத்தாறுக்கு வாங்கறேன்மா."

"வெத வெல ஏறிப்போச்சி. புழுவுக்கு மூணு தடவ மருந்து. ஆளு கூலி. வெல ஏறுது, வெல ஏறுதுன்னு ஊரே சொல்லுது மாமா. என் கையில ஏறினத நான் பாக்கல."

"என் கையிலயும் ஏறல."

"அப்ப எங்கதான் போவுது?"

அறுத்த தட்டை வெயிலில் வாடி மணத்தது. ராஜமாணிக்கம் எழுந்து நின்றார்.

"இந்த ராஜமாணிக்கம் எவனுக்கும் பாக்கி வெச்சவன் இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. ஆறு மாசமா தெரியும்."

சுருக்கென்று தைத்தாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பு மடிப்பிலிருந்து பணத்தை எடுத்தார். அமிர்தம் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு உள்ளங்கையை விரித்தாள். தட்டை அறுத்து அறுத்துக் கோடு கோடாகக் கிழிந்திருந்த கை. முதல் ஐந்நூறு ரூபாய் நோட்டை ராஜமாணிக்கம் அதில் வைத்தார்.

"ஒண்ணு" என்றார்.

"அப்பிடியா எண்ணுவிங்க நீங்க? ஒழுங்கா சொல்லுங்க மாமா."

"யாருக்கும்மா லாபம் இதுல?"

"யாருக்கோ. சொல்லுங்க."

அவர் நோட்டைத் திரும்ப எடுத்து, மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு."

எட்டு வரைக்கும் குரல் நிதானமாகப் போயிற்று. அதற்குப் பிறகு சட்டைப்பையில் தனியாக மடித்து வைத்திருந்த இருநூறு ரூபாய் நோட்டை எடுத்து, மடிப்பை நீவி, அமிர்தத்தின் விரித்த கையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.