மலையில் சாவு குறைவு

ஆறு மாசமாக ஆசை ஆசையாய் நடத்திவந்த ஒரு வகுப்பைப் போன வாரம் நிறுத்திவிட்டேன். ஏன் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். உங்களிடமாவது சொல்கிறேன்...

நான் போடியில் ஒரு ஹைஸ்கூலில் லைப்ரரி பீரியட் எடுக்கிறவன் – பழைய வாசகர்களுக்குத் தெரியும். கதைப் புத்தகம் மட்டும் போதாது, பிள்ளைகளுக்குப் புள்ளிவிவரமும் படிக்கத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. பீரோவில் கிடந்த சுகாதார ரிப்போர்ட்டைத் தூசி தட்டி எடுத்தேன். இடப்பக்கம் ஊர், மேலே நோய், இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் எண். ஒரே பீரியடில் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதில் ஃபோர்த் ஃபாரம் செல்லம்மா ஒரு படி மேலே போனாள். "சார், காய்ச்சல்ல செத்தவக போடியிலதான் ஜாஸ்தி. மலைத் தோட்டத்துல ரொம்பக் கம்மி சார்!"

"சபாஷ்!" என்றேன். சொல்லித் தொலைத்தேன்.

அவள் அப்பா மாடசாமிக்கு அப்போது ஏலத் தோட்டத்தில் வேலை வந்திருந்தது. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போகலாமா, வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த மனுஷன். மகள் சொன்னதைக் கேட்டதும் என்னிடம் ஓடி வந்தார்.

"வாத்தியாரய்யா, பாப்பா சொல்றது நெசந்தானா?"

"அச்சடிச்ச ரிப்போர்ட்டுல இருக்குப்பா."

"அப்பச் சரி. புள்ளையையும் கூட்டிட்டே போறேன்."

செல்லம்மாவைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு மூவரும் குரங்கணி வழியாக ஏறிப் போனார்கள்.

மலையில் காய்ச்சல் முற்றினால் யாரும் அங்கே கிடப்பதில்லை. கம்பளியைத் தூளியாகக் கட்டி, கம்பில் தூக்கி, போடிக்கு இறக்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரி இங்கே, சொந்தபந்தம் இங்கே. சாவும் இங்கே. இது எனக்குத் தெரியாதா? அந்தத் தூளிக்குத் தெருவில் எத்தனை தடவை ஒதுங்கி வழி விட்டிருக்கிறேன்! ஆனால் ரிப்போர்ட்டைத் திறந்தபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை. எண்ணை எந்தக் கட்டத்தில் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். அது அங்கே எப்படி வந்தது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தேனா? பாவி, இல்லையே!

குழந்தையையும் அப்படித்தான் இறக்கினார்கள். போடி வந்து சேர்ந்த மறுநாள் போய்விட்டது. மாடசாமி என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து செல்லம்மா லைப்ரரிக்கு வந்தாள். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, அதே பக்கத்தைத் திறந்தாள்.

"சார், தம்பிய எந்த ஊர்ல எழுதியிருப்பாக?"

"போடியிலதாம்மா..."

மலைத் தோட்டத்துக் கட்டத்துக்கு விரலை நகர்த்தினாள்.

"அப்ப மலையில இன்னமும் கம்மின்னுதான் இருக்கும், இல்ல சார்?"

புள்ளிவிவரம் படிக்க அவளுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.