அவள் தலைக்கு நான் எடுத்த அளவு

எனக்கு ஹெல்மெட் வாங்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டேன். மறைமலை நகரில் வண்டிச் சாமான்கள் விற்கும் கடை அது. முதல் ஞாயிறு ஆறு ஹெல்மெட்டுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் திரும்பினேன். அடுத்த ஞாயிறு, பிடித்த ஒன்றை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடந்தேன். கடைக்காரர் பொறுமையான மனிதர்.

"நெத்தில ஒரே எடத்துல குத்துச்சுன்னா அது உங்க தலைக்கு இல்ல சார். பழகிடும்னு நெனச்சு வாங்கிட்டுப் போவாதீங்க. கன்னத்துல மட்டும் கப்புனு புடிக்கணும்," என்றார்.

ஜாக்கெட்டும் அப்படித்தான். இந்த வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டால் ஒரகடம் தாண்டுவதற்குள் வெந்துவிடுவோம் என்று காற்று புகும் வலைத்துணியில் தைத்ததாகத் தேடி எடுத்தேன். தோளிலும் முழங்கையிலும் கெட்டியான தடுப்பு வைத்தது. வண்டியில் உட்கார்வதுபோல் குனிந்து, கைகளை முன்னால் நீட்டி, எங்காவது இழுக்கிறதா என்று பார்த்தேன். கையுறையை மாட்டிக் கிளட்ச் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன்.

என் மனைவியின் ஹெல்மெட்டை வாங்க ஐந்து நிமிடம் ஆனது. வேலை முடிந்து வரும்போது சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் சாலையோரமாகக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் கூட இல்லை. ஒன்றை எடுத்து என் தலையில் வைத்தேன், இறுக்கியது. அவள் தலை என்னுடையதைவிடச் சின்னதுதானே, சரியாக இருக்கும் என்று முடிவு செய்தேன். நீலமும் சிவப்பும் இருந்தன. சிவப்பை எடுத்தேன். நிறம் பார்த்து வாங்கியதே பெரிய அக்கறையாக அன்றைக்குத் தோன்றியது.

நாங்கள் சேரப்பணஞ்சேரியில் இருக்கிறோம். அவளுக்கு ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. எனக்கு மறைமலை நகரில் வேலை. இருவருக்கும் காலை ஷிப்ட் என்றால் அவளை கேட்டில் இறக்கிவிட்டு நான் அப்படியே போய்விடுவேன். லைனில் நிற்கும் பெண்கள் கொண்டை போட்டு, அதன்மேல் வலை மாட்டியிருக்க வேண்டும். அவளுக்கு அடர்த்தியான முடி. கொண்டையோடு மாட்டினால் ஹெல்மெட் பின்னால் இறங்காது. முன்னால் தள்ளி நெற்றியில் உட்காரும். கேட்டுக்குப் போய்க் கொண்டை போட்டுக்கொள்ளலாம் என்றால் பஞ்ச் அடிக்க நேரமாகிவிடும்.

"இன்னாங்க இது, நெத்திய நசுக்குது. எறங்கினா தலை விண்ணு விண்ணுனு வலிக்குது," என்றாள் முதல் நாளே.

"புதுசுல்ல, பழகிடும்," என்றேன். கடைக்காரர் எனக்குச் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வேற மாத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"ரோட்டுக் கடையில யாரு மாத்துவா? போலீஸ் நிக்கிற எடத்துல மட்டும் மாட்டிக்கோ."

இதைச் சொன்னது நான். அதன்பிறகு அவள் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டுதான் வருவாள். வண்டிக் கண்ணாடியில் தினமும் பார்த்தேன். ஒரு நாளும் வண்டியை நிறுத்தவில்லை.

நாங்கள் விழுந்தது ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போதுதான். ஊரிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் வளைவில் லாரியிலிருந்து சிந்திய ஜல்லி கிடந்தது. வேகம்கூட இல்லை. பின்சக்கரம் வழுக்கி, இருவரும் சரிந்தோம். என் ஜாக்கெட்டின் முழங்கை தார்ச்சாலையில் உரசித் தேய்ந்தது. எழுந்து நின்றபோது எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. அவள் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லங்க. வண்டிய எடுங்க, ஷிப்டுக்கு நேரமாச்சு," என்றாள். அடுத்த நிமிடமே வாந்தி எடுத்தாள். அவள் கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்க ரத்தம்.

வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் இறங்கி எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மண்டையோட்டில் மெல்லிய விரிசல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வாரம் படுத்திருந்தாள். பார்க்க வந்த மாமியார் அழுதுகொண்டே, "அந்த ஹெல்மெட்ட மாட்டிக்கினா இன்னா கொறஞ்சிடும் உனுக்கு?" என்று அவளைத் திட்டினார்.

"நான்தாம்மா போட்டுக்கல," என்றாள்.

நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நான்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள், சாம்பார் அடிபிடித்துத் தீய்ந்த நெடி வாசல்வரை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் அடுப்பின் எதிரிலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அடிபட்டதில் வாசனை அறியும் நரம்பு போயிருக்கிறது, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் டாக்டர். இரண்டு வருடம் ஆகிவிட்டது. திரும்பவில்லை.

லைனில் ஒயரின் உறை லேசாகக் கருகினாலும் முதலில் மோப்பம் பிடித்து மிஷினை நிறுத்துகிறவள் அவள். சூப்பர்வைசர் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாராம். இப்போது அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாடு பற்றிக் கேட்டால், "சக்கைய மெல்ற மாதிரி கீது," என்பாள். காலையில் பால் கிண்ணத்தை என் முகத்தருகே நீட்டி, "கெட்டுப்போச்சா பாருங்க," என்பாள். குரலில் கோபமோ குத்தலோ இருக்காது. இருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தேறியிருப்பேன்.

அவள் மறுபடி என் வண்டியில் ஏறவில்லை. கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாள். போன மாதம் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் எடுத்தாள். அந்த ஞாயிறு மதியம் எங்கேயோ போய்விட்டு மாலையில் புது ஹெல்மெட்டோடு திரும்பினாள். கொண்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டிருந்தாள்.

"ஒண்ணர மணி நேரம் ஆச்சு. கடைக்காரரு ஒண்ணும் சொல்லல. கொண்டையோடவே எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன்," என்றாள்.

"சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?"

தாடைப் பட்டியைக் கழற்றிக்கொண்டே, "உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்," என்றாள். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.