வெள்ளானூர் மனைக்கு ஒரு துணிக்கூரை

1. மூட்டை

“இதுல ஒரு சொட்டு எறங்கக் கூடாதுண்ணா. ஞாயித்துக்கெயமைக்கு வோணும்.”

கஸ்தூரி என் கடை மேஜைமேல் வைத்த மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே ஆறு ஜன்னல் ஸ்கிரீன்கள். வெளிர் மஞ்சள் காட்டன். மடிப்புக்கூடக் கலையாத புதுத்துணி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரித் தார்ப்பாய் தயாரிக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் கோட்டிங் செக்‌ஷனில் இருந்தேன். ரிட்டயரான பிறகு பட்டாபிராமில் இந்தச் சின்னக் கடை. ஜன்னல் ஸ்கிரீனை வாட்டர்ப்ரூஃப் செய்யச் சொல்லி அதுவரை யாரும் வந்ததில்லை.

“எதுக்கும்மா இது? ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிக்கினு போ. அஞ்சு நிமிசத்துல கட்டிடலாம்.”

“அது லாரிக்குண்ணா. இது ஊட்டுக்கு” என்றார்.

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கணவர் தனசேகர் லேத் ஆபரேட்டர். பல வருஷத்துக்கு முன் இருவரும் வெள்ளானூரில் ஒரு மனை வாங்கினார்கள். அஸ்திவாரம்கூடப் போடாத வீட்டுக்குக் கஸ்தூரி அப்போதே இந்த ஸ்கிரீன்களை வாங்கி வைத்துவிட்டார். இப்போது தனசேகருக்கு இதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷனுக்காக மனையை விற்கிறார்கள். புதன்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன்.

“அதுக்குள்ள ஒரு நாளாச்சும் நம்ம எடத்துல குந்திட்டு வரணும்னு ஆசப்படறாரு. மழ நாளாக் கீது. நனைஞ்சு சளி புடிச்சா ஆபரேசனத் தள்ளிடுவாங்கோ.”

நான் அளவு டேப்பை எடுத்தேன்.

2. கலவை

ஆறு ஸ்கிரீன்களையும் இணைத்து ஒரே துணியாகத் தைத்தேன். காட்டனுக்கு நான் போடுவது சிலிகான் கலவை. பாத்ரூம் இடுக்கில் அடிக்கும் சிலிகான் டியூபை டர்பன்டைனில் கரைத்து, பிரஷ்ஷால் தடவி, மிச்சத்தைத் துணியால் துடைத்து, காயவிட வேண்டும். கெட்டியாகக் கலந்தால் தண்ணீர் இறங்காது. ஆனால் துணி விறைத்து, நிறம் மங்கிவிடும்.

“வெளிச்சம் உள்ள வரணும்ணா” என்று கஸ்தூரி போகும்போது சொல்லியிருந்தார்.

அதனால் கொஞ்சம் நீர்க்கவே கலந்தேன். தையலுக்கு மட்டும் கெட்டிக் கலவை இரண்டு கோட்டு. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. கடைக்குப் பின்னால் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தேன். மத்தியானம் அதன் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், என் கை, டிபன் பாக்ஸ், தரை எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தன. காற்று வரும்போது அந்த வெளிச்சம் மெல்ல அசைந்தது. ரயில் போகிற சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. இரண்டு நாளும் சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

3. ஹால்

ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கட்டிக்கொடுத்தேன். நான்கு சவுக்குக் கழி, நடுவில் உயரமாக ஒரு கயிறு. கஸ்தூரி புல்லைச் செதுக்கி, கோலமாவால் தரையில் வீட்டையே வரைந்து வைத்திருந்தார். வாசல், ஹால், சமையலறை, படுக்கையறை. கூரை ஹாலுக்கும் சமையலறைக்கும்தான் எட்டியது.

கிளம்பப் போனவனைத் தனசேகர் விடவில்லை. “இன்னா அண்ணாத்தே, ஊட்டுக்கு வந்துட்டு நின்னுகினே போறீங்க? ஹால்ல வந்து குந்துங்க.”

கோலமாவுக் கோட்டைத் தாண்டாமல் வாசல் வழியாக உள்ளே போனேன். அதைப் பார்த்துக் கஸ்தூரி சிரித்தார். தனசேகர் டிவி வைக்கும் இடம் காட்டினார். “அங்க வெச்சா வெயிலு அடிக்கும்” என்றார் கஸ்தூரி. டிவி எதிர்ச்சுவருக்கு மாறியது. மூன்று பேரும் அந்தச் சுவரைப் பார்த்தோம்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. கூரைமேல் விழுந்த துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓரத்தில் கொட்டின. உள்ளே அதே மஞ்சள் வெளிச்சம். வெளியே வெள்ளானூர் தெரியவில்லை. தனசேகர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலை உயர்த்தி, உருண்டுபோகும் துளியை உள்ளிருந்தே தொட்டார்.

“தொடாதீங்க!” என்று கத்தினேன்.

தொட்ட இடத்தில் தண்ணீர் கசிந்து அவர் நெஞ்சில் சொட்டியது. கஸ்தூரி பதறிப்போய் முந்தானையால் துடைத்தார். “சொட்டு எறங்காதுன்னு தானேண்ணா குடுத்த?”

நீர்க்கக் கலந்த துணியை உள்ளிருந்து தொட்டால் கசியும். வந்தவர் லாரி டிரைவராக இருந்தால் முதல் வார்த்தையாகச் சொல்லியிருப்பேன். இவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமென்று சொல்லாமல் விட்டேன்.

தனசேகரின் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். கசிந்த இடத்தில் என் விரலை வைத்து, எடுக்காமல் அப்படியே துணியின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போனேன். சொட்டு நின்றது. தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஓரத்தில் நூல்போல் விழுந்தது. விழுந்த இடம், கோலமாவுக் கணக்கில் சமையலறை.

தனசேகர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். “கஸ்தூரி, நம்ம ஊட்டுக்குக் கொயாத் தண்ணி வந்துருச்சு பாரு!”

கஸ்தூரிக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார். கோலமாவு கொண்டுவந்திருந்த பக்கெட்டை அந்தத் தண்ணீருக்கு அடியில் வைத்து, பிளாஸ்கில் கொண்டுவந்த டீயைக் குடித்த டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். தன் சமையலறையில் நின்று, அவசரமே இல்லாமல் கழுவினார்.

தனசேகருக்குச் சளி பிடிக்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வேலைக்குப் போகிறார். அந்த மனையில் வேறு யாரோ மாடி வீடு கட்டிவிட்டார்கள்.

துணி எங்கே தாங்காது என்பதை இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் ஆசையோடு வந்தவர்கள் மனசு விட்டுப்போகும் என்று பயந்திருந்தேன். இதுவரை ஒருவர்கூடத் துணியைத் திருப்பி எடுத்துப் போனதில்லை.