முத்துமீனா விடும் இடைவெளி

முத்துமீனா எதைச் செய்தாலும் சொல்லிக்கொண்டே செய்வாள். "அம்மா கொடத்தை எடுக்குறேன். கொடம். பச்சைக் கொடம்." சொன்னதும் நிறுத்துவாள். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். மகளின் உதடுகளையே பார்த்தபடி, பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் காத்திருப்பாள். பதில் வராது. தோளில் கிடக்கும் துண்டால் குடத்தின் வாயைத் துடைத்துவிட்டு, "அம்மா இப்ப தண்ணி பிடிக்கிறேன்" என்று அடுத்ததற்குப் போவாள்.

கோச்சடையில் அவர்கள் கீழ்வீடு, நான் மாடி. வெங்காயம், விளக்குமாறு, பல்லி, தூறல் எல்லாம் அவள் குரலில் ஒரு பெயரோடும், பிறகு ஒரு மௌனத்தோடும் படியேறி வரும்.

மகள் அஸ்வினிக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூட வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். பெரியாஸ்பத்திரியில் காதைச் சோதித்து, நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, "ஓயாமப் பேசுங்க. பேசிட்டு, அவளுக்கு இடம் விடுங்க" என்றார்.

முத்துமீனா பேசுகிற சுபாவம் உள்ளவள் இல்லை. படியில் எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். அது எனக்கும் வசதியாக இருந்தது. அப்படிப்பட்டவள் விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும்வரை பேசினாள். சாயங்காலத்துக்குள் குரல் தேய்ந்து, பழைய சோப்பு போல ஆகிவிடும்.

"அம்மான்னு ஒருக்காக் கூப்பிட்டாப் போதும்" என்பாள் கணவனிடம்.

முத்திருளன் லோடு வண்டி ஓட்டுகிறவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே, "கூப்பிடுவா. கூப்பிட ஆரம்பிச்சா நீதேன் காதைப் பொத்திக்கிருவ" என்பார்.

உசிலம்பட்டியிலிருந்து அவருடைய அக்கா ஜெயக்கொடி வந்தால் விசாரணை நடக்கும்.

"வசம்பைச் சுட்டு நாக்குல தடவுனியா?"

"தடவுனேன் மதினி."

"என்னத்தத் தடவி என்ன? வளைகாப்பு வேணாம்னு ஒத்தக் கால்ல நின்டவதானே. வயித்துக்குள்ள வளையச் சத்தம் கேட்ட பிள்ளைதேன் வெளிய வந்து வாயத் தொறக்கும்."

முத்துமீனா அடுப்பைப் பற்றவைத்தாள். மகளிடம், "அம்மா அத்தைக்குக் காப்பி ஆத்துறேன். காப்பி. சுடுது" என்றாள். நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில், "எனக்குச் சீனி கம்மியாப் போடு" என்றார் ஜெயக்கொடி.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் முத்துமீனாவுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. கீழ்வீட்டிலிருந்து சத்தமே இல்லை. நான் வாளியோடு இறங்கியபோது அவள் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பச்சைக் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. எழுந்து குழாயை மூடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அஸ்வினி குடத்தின் மேல் கையை வைத்தாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

"கொதம்" என்றாள்.

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அம்மாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டு, அதே அளவு நேரம் காத்திருந்தாள்.

முத்துமீனாவின் உதடுகள் அசைந்தன; குரல் எழவில்லை. பதில் வராது என்று தெரிந்ததும் குழந்தை அவள் தோளிலிருந்த துண்டின் நுனியை இழுத்துக் குடத்தின் வாயைத் துடைத்தது. முத்துமீனா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அதைப் பார்க்கச் சந்தோஷம் போலத் தெரியவில்லை. வெகுதூரம் நின்றுகொண்டே வந்தவளுக்கு பஸ்ஸில் கடைசியாக ஓர் இடம் கிடைத்ததுபோல இருந்தது. நான் குழாயை மூடினேன்.

அன்று சாயங்காலம் முத்திருளன் போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் சொன்னார்.

"கொடம்னா சொல்லுச்சு?" என்று சிரித்தார் ஜெயக்கொடி. "அங்கிட்டு இருக்க தண்ணிக் கஷ்டம் அதுக்கே தெரிஞ்சுபோச்சாக்கும். சரி, அம்மான்னு எப்பச் சொல்லுமாம்?"

"அது சொல்றப்பச் சொல்லட்டும் மதினி." முத்துமீனாவின் குரல் கரகரவென்று வந்தது.

மறுவருஷம் நான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன். முத்திருளன் தன் வண்டியில்தான் என் சாமான்களை ஏற்றினார். வாசலில் அஸ்வினி நின்று, "அம்மா, மாடி மாமா போறாக, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"வாய மூட மாட்டேங்குறா தம்பி" என்றார் வண்டியைக் கிளப்பியபடி. கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்.

"இவளுக்கு முந்தி ஒண்ணு தங்குச்சு தம்பி. அதுக்கு முழங்கை மட்டுக்கும் அடுக்கி வளைகாப்பு போட்டம். வயித்தத் தடவிக்கிட்டு அதுகூட எந்நேரமும் பேச்சுத்தேன். அடுத்த வாரமே உள்ள அசைவு நின்னுபோச்சு. அஸ்வினி உண்டானப்ப, கண்ணுபட்டுருமோன்னு வளையலும் வேணாம்னுட்டா, வயித்தப் பாத்து ஒத்த வார்த்தை பேசவும் இல்ல." கியரை மாற்றினார். "பெறகு பிள்ளைக்குப் பேச்சு வரலன்னதும், நாந்தேன் இதை வயித்துலயே பேசாம இருக்கப் பழக்கிட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவா."