ஒரே அந்தோணியாரிடம் இரண்டு வேண்டுதல்

போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம், ஏலக்காட்டுத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த கத்தரீனாளுக்கு 1973 நவம்பரில் வயது பதினாறு. பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கத்தரிக்காய் என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்களைவிட ஒரு மார்க்காவது கூட வாங்கிப் பழிதீர்ப்பாள். பரீட்சை எழுதி டீச்சராகிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அதில்தான் மண் விழப் பார்த்தது. போடி ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கும் சிலுவைராஜுக்கு அவளைப் பெண் பார்த்துவிட்டு, பதில் எழுதுவதாகச் சொல்லிப் போனார்கள். சரி என்று எழுதினால், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால் அது தொடங்குமுன் கல்யாணம். பரீட்சையோ தபசு காலத்தில். அப்புறம் எங்கே எழுதுவது?

கத்தரீனாள் அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டாள். வாரா வாரம் அவர் சொரூபம் இருந்த கற்குகைக் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றி, இந்தச் சம்பந்தம் தட்டிப்போகட்டும் என்று மனசுக்குள் மன்றாடினாள். நாலு வாரமாயிற்று. கடிதமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

ஐந்தாம் செவ்வாய் போனபோது கெபியில் அம்மா சாந்தம்மாள் முழங்காலில் இருந்தாள். அந்த மகராசிக்கு மனசுக்குள் ஜெபிக்கத் தெரியாது.

"அந்தோணியாரே, இதோட அஞ்சு செவ்வா ஆச்சு. எம்மகளுக்கு இந்த அட்டைக்கடியும் காட்டு வேலையும் வேண்டாம்யா. போடி இடத்த எப்படியாவது முடிச்சுத் தாரும்!"

கத்தரீனாள் அம்மா கண்ணில் படாமல் பின்வாங்கினாள். அடக் கடவுளே, ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனுவா! அவர் யார் பேச்சைக் கேட்பார்? அம்மா கேட்டது கிடைக்கக்கூடாது என்று வேண்டுவது பாவமில்லையா? பங்குச் சாமியார் வராத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சகாயத்திடம் போய்க் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"பொறுமையா இரு பிள்ள. சாமியாரு மாசக் கடைசியில பூசைக்கு வருவாரு, கேட்டுச் சொல்லுதேன்" என்று நழுவிவிட்டார். பொறுமையாம் பொறுமை!

அடுத்த வாரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றினாளே தவிர, என்ன கேட்பதென்று தெரியாமலே திரும்பினாள். ஒன்பதாம் செவ்வாய், பனியில் பாளம் பாளமாய் வெடித்திருந்த அம்மாவின் குதிகாலைக் காலையில் பார்த்தவள், சாயங்காலம் கெபியில் போய் நின்று, "அம்மா கேட்டதையே குடுத்திரும்" என்று விம்மி விம்மி அழுதாள். சொன்ன பிறகும் மனம் ஒப்பவில்லை.

வீட்டில் அம்மா அடுப்படியில் முகம் வீங்க உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் மெழுகுவத்தி ஏத்துதேன்னு உபதேசியாரு சொன்னாருடி. எதுக்குன்னு கேட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மனசு கேக்கல. விடியக்காலமே போயி, எம்மக கேட்டதையே குடுத்திரும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஐயோ அம்மா! நான் இப்பதான் நீ கேட்டதக் குடுக்கச் சொல்லிட்டு வாரேன்!"

இருவரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். இப்போது யார் கேட்டது எது? கத்தரீனாளுக்கு அழுகையோடு சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. சாந்தம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"போதும், அவரப் பாடாப் படுத்தியாச்சு. இனி நாம வாயத் தொறக்காண்டாம். அவரே பாத்து என்னமும் செய்யட்டும்."

"அப்ப பரீட்சை?"

"லெட்டரு வரும்போது வரட்டும். நீ படி."