மூன்றாவது பெருக்கல் குறி

அந்த டாக்ஸி ஷெட்டில் முப்பத்திரண்டு கார்கள் நின்றன. விடியற்காலையில், ஓட்டுநர்கள் வருவதற்கு முன்பே, முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசி விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஒரு நிமிடம் உள்ளே உட்கார்ந்து முகர்ந்து பார்ப்பது அங்கிருந்த ஒரு பெண்மணியின் வேலை. பெட்ரோல் வாடை வந்தால் முன்கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு வட்டம். புகை வாடை வந்தால் பெருக்கல் குறி. குறி விழுந்த கார், மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு வருடங்களாக அந்த ஷெட்டின் சட்டம் அது.

ஓட்டுநர்கள் அவருக்கு மோப்பக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முந்தின இரவு குடித்துவிட்டு வந்தவன் அவர் பக்கம் வாயைத் திறக்காமல் சைகையிலேயே வணக்கம் வைத்துவிட்டு நழுவுவான். அவரும் விட மாட்டார். அவனைக் காட்டி, இந்த வண்டியிலும் லீக் இருக்கிறது, இதன் நெற்றியிலும் ஒரு வட்டம் போடட்டுமா என்று மற்றவர்களிடம் கேட்பார்.

அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தது தரை பெருக்க. ஒரு நாள் பெருக்கிக்கொண்டிருந்தவர், இந்த வண்டியில் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கிறது, எடுக்காதீர்கள் என்றார். சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்த மெக்கானிக், எரிபொருள் குழாய் வெடித்து இன்ஜின் மேல் சொட்டுவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். மறு வாரமே மேலாளர் மோப்பக்காவின் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டார். புகையை அளக்கும் கருவி வாங்கும் யோசனை அத்தோடு மறைந்தது. மலிவாக ஒரு மூக்கு கிடைத்திருக்கும்போது எதற்குக் கருவி? பதவிப் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. சம்பளப் பதிவேட்டில் பன்னிரண்டு வருடமும் அவர் துப்புரவுப் பணியாளர்தான்.

சிலர் அதைப் பிறவி வரம் என்றார்கள். வரமும் இல்லை, வசியமும் இல்லை, கவனம். எரியாத பெட்ரோல் மூக்கின் மேல்பக்கம் குத்தும், எரிந்து வரும் புகையானால் கண்தான் முதலில் காந்தும் என்று அவர் பிரித்துச் சொல்வார். ஆளைக் கொல்லும் வாயுவுக்கு வாடையே கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். கூட வரும் புகைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். புகை வாடை லேசாக அடித்தாலும் அவர் பெருக்கல் குறி போட்டது அதனால்தான்.

பதினேழாம் நம்பர் காரை ஓட்டியவன் அவருடைய சொந்தத் தம்பி. அம்மா இல்லாத வீட்டில் இவர்தான் அவனை வளர்த்தார். அவன் கல்யாணத்துக்குப் பிறகும் அவன், அவன் மனைவி, நான்கு வயது மகள், இவர் என்று நால்வரும் ஒரே வீடு. ஷெட்டில் வேலை வாங்கிக்கொடுத்ததும் இவர்தான். அக்காவின் மூக்கைப் பற்றி அவன் அடிக்காத கிண்டல் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, அக்கா, உள்ளே போய் முகர்ந்து பார்த்துவிட்டு வா என்று காதோடு சொன்னவன் அவன்.

ஒரு திங்கட்கிழமை பதினேழில் புகை வாடை வந்தது. ஸ்டார்ட் செய்ததும் வந்து, ஐந்தாறு நிமிடத்தில் குறைந்து, பிறகு காணாமல் போனது. பெருக்கல் குறி போட்டார். எட்டு மணிக்கு மெக்கானிக் வந்து, வழக்கம்போல் காரை ஷெட்டிலிருந்து எடுத்துக் கட்டடத்தைச் சுற்றி ஓட்டிப் பின்புறத்தில், அடியில் நின்று பார்க்க வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் நிறுத்தினார். மேலும் கீழும் தேடினார். புகை இல்லை, சத்தம் இல்லை. குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமையும் அதே வாடை, அதே குறி, அதே பள்ளம், அதே கையெழுத்து.

கையெழுத்து விழுவதற்குள் சவாரிகள் வேறு கார்களுக்குப் போய்விட, இரண்டு நாளும் தம்பி ஓட்டமில்லாமல் ஷெட்டில் உட்கார்ந்திருந்தான். மேற்பார்வையாளர் இவரைக் கூப்பிட்டு, ஜலதோஷம் ஏதாவது பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். அக்கறையாகக் கேட்பதுபோல் இருந்தது. ஆனால் கூடவே ஒரு வார்த்தை சேர்த்தார். மூன்றாவது தடவையும் வீண் குறி விழுந்தால் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பதினேழும் வேறு ஓட்டுநருக்குப் போகும்.

புதன்கிழமை விடியற்காலையிலும் வாடை வந்தது. கண்கூடக் காந்தியது. மூன்றாவது பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு அவர் இறங்கும்போது தம்பி வந்து நின்றான். பின்னால் நான்கைந்து ஓட்டுநர்கள். ஒருவன், இந்த மூக்குக்குச் சொந்தபந்தம் தெரியாது போலிருக்கிறது என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு. மெக்கானிக் ரெண்டு நாளாப் பாத்துட்டாரு, ஒண்ணுமே இல்ல. உன் மூக்க நம்பி எத்தனை நாள் நான் இங்க குந்திக்கிட்டு இருக்கறது?"

படித்தவர் கையெழுத்துப் போட்டு இல்லை என்கிறார். நாம் என்ன படித்தோம்? பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் தன் மூக்கைச் சந்தேகித்தார். அடுத்த காருக்காகக் கையில் வைத்திருந்த துணியால் குறியை அழித்தார்.

"கண்ணாடிய இறக்கி வச்சே ஓட்டுடா," என்றார்.

"சரி, இறக்கி வக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னபடியேதான் ஓட்டினான். பயணி ஒருவரை ஒரு பெரிய அலுவலகத்தில் இறக்கிவிட்டு, அந்தக் கட்டடத்தின் அடித்தள வண்டி நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தான். இன்ஜின் நன்றாக ஆறிவிட்டது. கீழே காற்றே இல்லை, புழுக்கம். கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். பயணி வந்து கதவைத் தட்டியபோது அவன் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நேரம் வந்துவிட்டது என்றார்கள். நல்லவனுக்கு இப்படியா என்று மேலே பார்த்தார்கள். எந்த நேரமும் வரவில்லை. காருக்குள் விஷவாயு வந்தது. அது வரும் என்று வாடை மூன்று நாட்களாகக் கூவிக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் சாகும்போது காரணத்தை மேலே தேடுகிறவர்கள் இருக்கும்வரை, கீழே, காரின் மூடிக்குள் தேட வேண்டியவர்களுக்குக் கவலையே இல்லை.

மூடிய அடித்தளத்தில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கியது ஓட்டுநரின் கவனக்குறைவு என்று நிர்வாகம் எழுதியது. காரில் குறை இல்லை. சாட்சிக்கு மெக்கானிக்கின் இரண்டு கையெழுத்துகள். அவன் தப்பு என்றால் அவன் மனைவிக்கு இழப்பீடு இல்லை. அதைவிட மோசம், அதே ரகத்தில் இன்னும் ஆறு கார்கள் சோதிக்கப்படாமல் தினமும் ஓடிக்கொண்டிருந்தன.

போலீஸ் பார்த்துத் திருப்பி அனுப்பிய பதினேழு, ஷெட்டின் மூலையில் நான்கு நாட்கள் அசையாமல் நின்றது. ஐந்தாம் நாள் விடியற்காலை மோப்பக்கா அதன் முன்னால் போய் நின்றார். அங்கே மூத்த ஓட்டுநர் ஒருவர் உண்டு. ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். அவரைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, காரை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் இரும்புக் குழாயின் ஓரத்தில் மெல்லிய சீறல் கேட்டது. தகரத் தடுப்பைக் கழற்றினார். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றிக் கரிக்கோடு. ஐந்து நிமிடம் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இரும்பு சூடாகி விரிந்தது, விரிசல் மூடிக்கொண்டது, சீறல் நின்றது.

ஹாரன் இன்ஜினை அணைத்தார். மெக்கானிக் ஒவ்வொரு முறையும் காரைச் சுற்றி ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் குறையைத் தேடினார். ஆறிய இன்ஜினில் வரும் வாடையைச் சூடான இன்ஜினில் தேடியிருக்கிறார்கள். அடித்தளத்தில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கசிந்த வாயுவை ஏசி விசிறி உள்ளே இழுத்தது; விரிசல் மூடிக்கொண்ட பிறகும், ஏற்றிய கண்ணாடிக்குள் அடைபட்ட அது வெளியே போக வழியில்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நிர்வாகத்தின் மூன்று பேர். இந்தப் பக்கம் தம்பியின் மனைவி, மடியில் மகள். விரிசலைப் பற்றி இவர் சொன்னதை அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அது கார் நின்ற நாட்களில் விழுந்திருக்கலாம் என்றார் ஒருவர். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். திங்கள், குறி, குறை இல்லை. செவ்வாய், குறி, குறை இல்லை. புதன்கிழமை குறியே இல்லை. அன்றைக்கு இந்த அம்மாவுக்கே வாடை வரவில்லை, அப்புறம் எங்கே குறை என்று கேட்டார்.

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். தம்பி மனைவிக்கு அந்த மூன்றாவது குறியைப் பற்றித் தெரியாது. ஷெட்டில் அதைப் பார்த்த ஓட்டுநர்கள் வாய் திறக்கவில்லை. தாங்களும் சிரித்தோம் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. வீடு திரும்பினால் அதே வீடு, அதே சமையலறை, அத்தை என்று காலைக் கட்டிக்கொள்ளும் அதே குழந்தை. இவர் பேசினால் மட்டும் இது எதுவும் இருக்காது.

"புதன்கிழமையும் வாடை வந்துச்சு சார். நான் குறி போட்டேன். வண்டி வேணும்னு அவன் கேட்டான், மேற்பார்வையாளர் மூணாவது குறி விழக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அழிச்சது நான்தான். இந்தக் கையாலதான் அழிச்சேன். ஆனா வாடை இருந்துச்சு. இன்னும் ஆறு வண்டி அதே ரகம். அதையாவது ஆறின இன்ஜின்ல பாருங்க."

தம்பி மனைவி திரும்பி இவரைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அறிக்கை பத்து நாளில் வந்தது. அதில் மெக்கானிக் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, வாங்காமல் விட்ட கருவி இல்லை. வாகனச் சோதனைப் பொறுப்பாளர் தன் கடமையில் தவறிக் குறியை அழித்ததே விபத்துக்குக் காரணம் என்று இருந்தது. பன்னிரண்டு வருடம் துடைப்பக்காரியாக எழுதப்பட்டவருக்கு, பழி சுமக்க ஆள் தேவைப்பட்ட அன்றைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதே தாளில் வேலைநீக்கமும் இருந்தது.

ஆறு கார்களை யாரும் சோதிக்கவில்லை. ஹாரன்தான் ஒரு காலை வாசலில் நின்று, ஆறிய இன்ஜினில் பார்க்காமல் ஒரு வண்டியும் நகராது என்று கத்தினார். அன்று சிரித்தவர்களும் அவர் பின்னால் நின்றார்கள். இரண்டு கார்களில் விரிசல் இருந்தது.

செய்தி சொல்ல ஹாரன் வீட்டுக்கு வந்தபோது, தம்பி மனைவி துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்குப் போகிறாள். ஹாரன் போனபிறகு, பல நாள் கழித்து முதல்முறையாக அவள் வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு அண்ணின்னு ஒருத்தராவது மிஞ்சியிருப்பாங்க."

"மிஞ்சியிருப்பேம்மா. ஆனா உன் முகத்தப் பாத்து ஒரு வாய் சோறு திங்க முடிஞ்சிருக்காது."

அவள் பெட்டியை மூடினாள். குழந்தை, அத்தை வரவில்லையா என்று கேட்டது; இவர் அதன் செருப்பை எடுத்து மாட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து இழப்பீடு கேட்டு அவள் நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். முதல் சாட்சியாக இவரைத்தான் குறிப்பிட்டிருந்தாள். வக்கீல் அலுவலகத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அவள் பேனாவை இவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.