வாசித்துவிட்டேன் என்று சொன்ன கடதாசி

சென்ற ஆண்டு ஆனி மாதம், பாலைப்பழம் பழுத்துக் கொட்டுகிற நேரம், கொண்டச்சிக்குத் தெற்கேயுள்ள காட்டில் நடந்தது இது.

சிறுத்தை, கரடி, மீன்பிடிப் பூனை என்று அருகிவரும் மிருகங்கள் அங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று கணக்கெடுக்க ஒரு வனவிலங்கு அமைப்பு ஊர்மக்களிலிருந்து தொண்டர்களைக் கேட்டிருந்தது. மரங்களில் கமரா கட்டியிருக்கும். இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளைக்கு, ஒருமுறை நாங்கள் போய் கமராவின் மெமரி கார்டை மாற்றி, வழியில் காணும் காலடிகளையும் குறித்துக்கொண்டு வரவேண்டும். முதலில் பெயர் கொடுத்தவன் நான்தான். ஏன் கொடுக்கக்கூடாது? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சைக்கிளில் கருவாடு விற்றவன், இந்தியாவில் அகதி முகாமிலிருந்து ஒரேயொரு பெட்டியோடு திரும்பியவன். இன்று அடம்பனில் சொந்தமாக அரிசி ஆலை, இரண்டு லொறி. யாரும் தூக்கித் தந்ததில்லை. அறுபத்தெட்டு வயதிலும் காட்டில் என்னோடு ஈடுகொடுத்து நடக்க இளந்தாரிகளால் ஏலாது. அதனால் ஒரு குழுவுக்கு என்னையே தலைவராகப் போட்டார்கள். குழு என்றால் இரண்டே பேர்: நானும், கொண்டச்சியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவரும். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். குவைத்தில் ஒரு களஞ்சியத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர்.

அன்று காலை, பொறுப்பாக இருந்த மிஸ் ஒவ்வொரு தலைவரிடமும் ஒரு கடதாசி தந்தார். முழுக்க இங்கிலிஸ். அடியில் சிவப்பு மையில் இரண்டு வரி.

"வாசிச்சிட்டீங்கள்தானே ஐயா?"

சுற்றிவரப் பத்துப் பேர் நிற்கிறார்கள். "ஓம் ஓம், விளங்குது" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டியாவது வாசிப்பேன். இங்கிலிஸில் என் பெயரை எழுதினால்கூட எனக்குத் தெரியாது. இத்தனை வருட வியாபாரத்தில் அதை ஒருவருக்கும் காட்டிக்கொண்டதில்லை. வங்கிக்குப் போனால், "கண்ணாடியை மறந்திட்டன், நீங்களே நிரப்புங்கோ தம்பி" என்பேன். வேலை முடிந்துவிடும்.

இரண்டு கமராக்களை முடித்துவிட்டு மூன்றாவதற்குத் திரும்பும்போது நானா நின்றார்.

"முதலாளி, அந்தப் பக்கம் முழுக்கப் பாலை மரம், கரடி பழம் தின்ன வரும். கடதாசியில ஏதும் போட்டிருக்கா?"

"ஒண்டுமில்லை. பயமெண்டால் வீட்டில இருந்து பேரப்பிள்ளையளைப் பாருங்கோவன்."

"எனக்கென்ன பயம்? கரடி வந்தா முதல்ல உங்கட வயித்தத்தான் பாக்கும். எனக்கிட்ட எலும்புதானே இருக்கு."

சிரித்துக்கொண்டே போனோம்.

பெரிய பாலை மரம். முழங்கால் உயரத்தில் கமரா. நானா குந்தியிருந்து அதைத் திறந்தார். நான் பத்தடி பின்னால் நின்றேன். மேலிருந்து பழங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. குரங்கு என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். நானாவின் தலைக்கு நேர்மேலே, கொப்பில், இரண்டு கரடிக்குட்டிகள்.

வாய் திறப்பதற்குள் இடப்பக்கப் பற்றைக்குள் 'ஹுஃப்' என்று ஒரு மூச்சு. தாய்.

கரடி முகத்தைத்தான் பிய்க்கும். எங்கள் பக்கத்தில் அப்படிக் கண் போனவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் தோளில் கோடரி இருந்தது. வீசித் தவறினால் கரடி நானாமேல்தான் பாயும். கத்தினாலும் பாயும். நானா ஒரு உள்ளங்கையை மட்டும் எனக்குக் காட்டினார்: அசையாதே. பிறகு மரத்தோடு முதுகைச் சேர்த்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவே உதடு அசைந்துகொண்டிருந்தது.

தாய் இரண்டு காலில் எழுந்து நின்றது. நெஞ்சில் வெள்ளை வளைவு. குட்டிகள் மரத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி இறங்கின. மரப்பட்டைத் தூள் அவர் தொப்பியில் கொட்டியது. ஒரு குட்டி அவர் தோளை உரசி இறங்கி, மடியிலிருந்த பையை முகர்ந்தது. தாய் இன்னுமொருமுறை சீறியது. குட்டிகள் ஓடிப்போய் அதன் முதுகில் ஏறிக்கொண்டன. அது எங்களையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் பற்றைக்குள் இறங்கியது.

சுள்ளி முறிகிற சத்தம் அடங்கிய பிறகுதான் நானா கைகளை எடுத்தார். குந்தியிருந்தபடியே என்னிடம் கையை நீட்டினார்.

"அந்தக் கடதாசியத் தாங்க."

கொடுத்தேன். வாசித்தார்.

"மூணாம் கமராவுல குட்டியோட தாய்க்கரடி பட்டிருக்காம். இந்தக் கிழமை அங்க போக வேணாமாம்." என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "தெரியாதெண்டா எனக்கிட்டத் தந்திருக்கலாமே முதலாளி. பக்கத்திலதானே வந்தன்."

திரும்பி வந்ததும் எல்லோருக்கும் தேத்தண்ணி தந்தார்கள். கரடி வந்தது என்று மட்டும்தான் நானா சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, அதில் கொட்டியிருந்த மரப்பட்டைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

எழும்பினேன். "மிஸ், எனக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது. தெரியுமெண்டு பொய் சொன்னனான். நானா இண்டைக்குச் செத்திருப்பார்."

பிறகு பின்னாலிருந்து ஒரு மீன்பிடிகாரர், "எனக்கும் தெரியாது மிஸ்" என்றார். இன்னொருவர் கையைத் தூக்கினார். இன்னொருவரும். மிஸ்ஸின் முகம் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து கடதாசி தமிழில் வருகிறது. புறப்படுமுன் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்கிறார்.

ஒருவரையும் கேளாமல் முன்னுக்கு வந்தவன் என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் அன்று ஒரு வார்த்தை கேட்க நான் வெட்கப்பட்டதற்கு விலையாக, முகத்தைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் குந்தியிருந்தவர் இன்னொரு மனிதர் என்று நினைக்கும்போது, அந்த நெஞ்சு தானாகவே தாழ்ந்துபோகிறது.